மஞ்சள் கரிசாலை கொடுத்த வீடுகள்

6-9-2025, சனி

இருந்தவர்கள்: தோட்டப் போட்டி நடுவர் ஜெயப்பிரகாஷ் சார், நிலக்கரி மைன்ஸில் பெரிய பதவியில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவரோடு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கும் சத்யப்பிரியா டீச்சர், முப்பது வயதுகூட இருக்காது. என் வீட்டுக்காரர், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் பனியனோடு. நான். வேலிக்கு அந்தப் பக்கம் ஃபௌசியா, துணி காயப்போடும் சாக்கில். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் இருந்தாள், அதனால் எழுதுகிறேன்.

ஆக ஐந்து பேர். ஐந்து பேர் காதிலும் விழுந்தது.

சார் கேட்டைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, ஒரே பொதரா இருக்கு? பாம்பு வராதா?"

இதற்கு முன் பார்த்துவிட்டு வந்த வீட்டில் பிளாஸ்டிக் புல் விரித்து, சாயம் பூசிய கூழாங்கல் கொட்டி, நடுவில் சிமெண்ட் கொக்கு நிற்க வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஈகூட உட்காராது. அது அழகாம். என்னுடையது புதராம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். வேலி ஓரம் நொச்சியும் ஆடாதொடையும், தேனீக்காக. வெயில் விழும் மூலையில் ஆவாரை, அதன் இலையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். குழாயடியில் பொடுதலை, வல்லாரை. சுவரோரம் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை, சிவப்பு உடம்புக் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதை விட்டால் வேறு சோறு கிடையாது. எல்லாம் இந்த மண்ணிலேயே முளைத்தவை, ஒன்றுகூட ஃபாரின் இல்லை என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன், ஃபௌசியாவுக்கும் கேட்கட்டும் என்று.

கடைசியாக, தோட்டத்தில் பாதியை மூடியிருக்கும் மஞ்சள் கரிசாலை. சார் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "இது நல்லா இருக்கே! கார்பெட் மாதிரி."

டீச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத என்னன்னு சொன்னீங்கம்மா?"

"மஞ்சள் கரிசலாங்கண்ணி. வடலூர் பெருமான் வழியில வர்றவங்க தினம் சேத்துக்கிற மூலிகை."

"இது அது இல்லீங்களேம்மா. சென்னையில ரோட்டு நடுவுல, பாலத்துக்குக் கீழல்லாம் வச்சிருப்பாங்களே, அந்தச் செடி. அமெரிக்காப் பக்கத்துலேருந்து வந்தது. இது போற எடத்துல வேற எதையும் விடாதுங்கம்மா."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உதறுகிற சத்தம் நின்றது.

அவர்களுக்காகக் கலந்து வைத்திருந்த காபியைச் சாக்கடையில் ஊற்றினேன்.

7-9-2025

அந்தப் பேச்சே காதில் நிற்கிறது. புத்தகம் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு என்ன தெரியும்? சீ.

10-9-2025, புதன்

எட்டாவதோடு நின்றவள் நான். ஆனால் செடி விஷயத்தில் ஒருத்தரும் என்னை ஏமாற்ற முடியாது என்று இருந்தேன். இருபது வருஷமாக மூலிகைப் புத்தகம், பேப்பரில் வந்த துண்டு எல்லாம் ஒட்டிவைத்துப் படித்தவள்.

கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2021 தைப்பூசத்துக்கு மறுநாள், பண்ருட்டி ரோட்டு நர்சரியில் வேலுமணியிடம் மூன்று பாக்கெட். பலகையில் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் இலையைப் பார்த்தேனா? கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தேன். அதுதான் நினைவிருக்கிறது.

ஆறே மாதத்தில் பாய் விரித்த மாதிரி ஆனது. அருள் என்று நினைத்தேன்.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு மாதப் பூசத்துக்கும் துண்டு கிள்ளி, வாழையிலையில் மடித்து, ஒரு சிட்டிகை விபூதி வைத்துக் கொடுத்தேன். யாருக்கு, என்றைக்கு, எத்தனை துண்டு, எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இன்று எண்ணினேன். நாற்பத்து மூன்று வீடு.

14-9-2025, ஞாயிறு

பண்ருட்டி ரோட்டுக்கு பஸ் ஏறிப் போய் வேலுமணியைக் கேட்டேன். பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"அம்மா, மஞ்சப் பூ பூக்குதா இல்லியா?"

"பூக்குது."

"அப்பறம் என்னா? எல்லாரும் இதத்தான் அந்தப் பேரு சொல்லி விக்கறோம். நெசமான கரிசாலைக்கு எவன் தண்ணி ஊத்திகினு கெடப்பான்? இதுன்னா தூக்கிப் போட்ட எடத்துல வளந்துரும். நாலு வருஷம் கழிச்சி வந்து கேக்கறீங்களே, செத்துப் போச்சின்னு வந்தீங்களா? வளருதுன்னு வந்திருக்கீங்க!"

பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். வெற்றிலைச் சாறு அவன் மோவாயில் வழிந்தது. வரும் வழியெல்லாம் குமட்டிக்கொண்டே வந்தேன். அவன் வாயைப் பார்த்தா, என்னை நினைத்தா?

17-9-2025

டீச்சர் வீட்டுக்கு வந்தாள். நானாகக் கூப்பிடவில்லை. பேப்பரில் சுற்றி நிஜக் கரிசாலைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து என் செடியின் பக்கத்தில் வைத்தாள்.

அதன் இலை ஒடுங்கி, சொரசொரப்பாக, பூ சிறிசாக. என்னுடையது எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு, இலை மூன்றாகப் பிளந்து, பூ கொழுத்து. கண் இருக்கிற யாருக்கும் தெரியும். எனக்குக் கண் இருந்ததா?

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

18-9-2025, வியாழன்

இன்னொரு நோட்டையும் எடுத்தேன். வருகை நோட்டு. எந்தச் செடிக்கு எது வந்தது என்று எழுதுவது. ஆடுதீண்டாப்பாளையில் நான் எண்ணிய புழுக்கள், ஆவணி மாதத்தில்:

2021 — 31
2022 — 26
2023 — 11
2024 — 4
இந்த வருஷம் இன்று வரை இல்லை.

வெயில் என்று எழுதியிருக்கிறேன் ஓர் இடத்தில். மைன்ஸ் தூசி என்று இன்னோர் இடத்தில். போய் விலக்கிப் பார்த்தேன். மஞ்சள் பாய்க்கு அடியில் ஆடுதீண்டாப்பாளை நூல் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, இலை நாலோ ஐந்தோ. பொடுதலை குழாயடியில் ஒரு சாண் அகலத்துக்கு மிச்சம். வல்லாரை இல்லவே இல்லை, அன்று சாரிடம் பழக்கத்தில் பெயரைச் சொல்லித்தான் கை காட்டியிருக்கிறேன். அது எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவளாம்!

அடியில் அட்டை மாதிரி வழவழவென்று தண்டுகள், கணுவுக்குக் கணு வேர். கையை உதறிக்கொண்டேன். பிரசாதம் என்று கொடுத்தேனே இதை.

19-9-2025

இவரிடம் சொன்னேன், டீச்சர் அன்று சொன்னது நிஜம்தான் என்று. தினம் காலையில் அந்த இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சொல்லாமல் எப்படி இருப்பது?

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நாலு வருஷமா எதைடி குடிச்சிகினு இருந்தேன் நான்?"

"தெரியலங்க."

"டீச்சரக் கேட்டியா, இது என்னா பண்ணும்னு?"

"மருந்துன்னு சொல்ல முடியாதாம். மேல குடிக்க வேணாம்னா."

அப்புறம், "கண்ணு தெளிவாயிருக்குன்னு ஷிஃப்ட்ல பத்து பேருகிட்ட சொல்லிட்டேன்டி," என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைக்கொல்லி வாங்கி அடித்துவிடலாம் என்றார். புழு, எறும்பு, தவளை எல்லாம் சேர்த்தா? வாயைத் திறக்காதீர்கள் என்றேன்.

21-9-2025, ஞாயிறு

விளக்கேற்றி, படிக்க வேண்டியதைப் படித்துவிட்டுப் பிடுங்க உட்கார்ந்தேன். எறும்புக்கும் விலகி நடக்க வேண்டும் என்று இருப்பவள், உயிருள்ள பச்சையை வேரோடு உருவிக்கொண்டிருக்கிறேன். உருவ உருவ ஒரு வாடை வருகிறது. கை நாறுகிறது. சோப்புப் போட்டாலும் போகவில்லை.

ஒரு கணு மிச்சம் இருந்தாலும் முளைக்குமாம். பிடுங்கியதைக் குப்பையில் போடக்கூடாது, தகர ஷீட்டின் மேல் போட்டுக் கருகக் காயவிட வேண்டும் என்றாள் டீச்சர். மூன்றடிக்கு மூன்றடி இடத்துக்கு ஒரு காலைப் பொழுது போய்விட்டது. இந்த வீடு எங்களுக்கு வருகிற மே மாதம் வரைதான், இவர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் இங்கே முடித்துவிடுவேன்.

நாற்பத்து மூன்று வீட்டில் யார் முடிப்பது?

26-9-2025

யாரிடமும் சொல்லவில்லை. பால் பூத்தில் பார்த்தவர்கள் 'கரிசாலை அம்மா' என்று கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன், பல்லைக் காட்டுகிறேன். என்ன மனுஷி நான்.

2-10-2025, வியாழன்

பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு பிளாஸ்டிக் புல்லுக்கு. எனக்குச் சிறப்புப் பரிசு, 'மூலிகைத் தரைவிரிப்பு'க்கு!

டீச்சர் சொன்னதைக் கேட்டிருந்தும் மைக்கில் ஜெயப்பிரகாஷ் சார், "நம்ம மண்ணின் செடியைப் போற்றி வளர்க்கும் ராஜாம்பாள் அம்மா" என்றார். டீச்சர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். மேடையில் மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் கும்பிட்டேன், வாங்கினேன், இறங்கினேன்.

பரிசு என்ன தெரியுமா — பீங்கான் தொட்டியில் பிளாஸ்டிக் செடி. வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்தாலும் அருவருப்பு, என்னைப் பார்த்தாலும் அருவருப்பு.

டீச்சர் வெளியே வந்து, "வாழ்த்துக்கள்மா" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே சொன்னாள்.

5-10-2025, ஞாயிறு

நான் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது ஃபௌசியா வேலியோரம் வந்து நின்றாள். மூன்று வருஷம் ஆயிற்று நாங்கள் பேசி. காரணம் இதே செடிதான். அவளுக்கும் ஒரு மடிப்புக் கொடுத்தேன், அவள் ஒரே வருஷத்தில் பிடுங்கி எறிந்துவிட்டாள். கொடுத்த பிரசாதத்தைக் குப்பையில் போட்டவள் என்று பேச்சை நிறுத்தினேன். ஈத் அன்று நௌஷாத் தம்பி, அவள் வீட்டுக்காரர், கொண்டுவந்த பாயசத்தைக்கூட வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

"என்னக்கா, நீங்களே புடுங்கறீங்க?"

நான் இன்னொரு கொடியை உருவினேன்.

"எங்க மருதாணிய முழுங்கிருச்சுக்கா அது. அதான் புடுங்கினேன். சொல்ல வந்தேன், நீங்கதான் கதவத் தெறக்கல."

"எனக்குத் தெரியாம போச்சு."

"எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா புடுங்கினா பாவம், ஏழு தலைமுறைக்கு ஆவாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க பாருங்க, அது உங்க ஆளுங்களுக்குத்தானே? எங்களுக்கு அது கெடையாதுன்னு தைரியமா புடுங்கிட்டேன்." சிரித்தாள். "மத்தவங்க எப்டிக்கா புடுங்குவாங்க?"

கையில் இருந்த கொத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அதே நாள், மாலை

ஆமாம். சொன்னேன்.

ஒவ்வொரு மடிப்பும் கொடுக்கும்போது சொன்னேன். 'காலில் படக்கூடாது. பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் பாவம், ஏழு தலைமுறைக்கு ஆகாது.' முதல் வீடு தவிர மற்ற நாற்பத்திரண்டிலும் சொன்னேன். எங்கே படித்தேன்? எங்கேயும் இல்லை. யார் சொன்னார்கள்? யாரும் இல்லை. முதல் தடவை ஒரு வீட்டில் வாங்கி வைத்துவிட்டுக் கவனிக்காமல் காயவிட்டார்கள். கோபத்தில் அடுத்த வீட்டில் நானாகச் சேர்த்துச் சொன்னது. சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு பயபக்தி வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அதையே சொன்னேன்.

சடங்கு வேண்டாம், பொய் வேண்டாம் என்று பெருமான் போன வழியில் வந்தவள், நானே ஒரு சடங்கைத் தயாரித்து ஊரெல்லாம் நட்டிருக்கிறேன். இதற்கு வேலுமணி தேவலை. அவன் பெயரை மட்டும்தான் மாற்றி விற்றான்.

9-10-2025

நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போகிறேன். இன்று ஆறு வீடு. மூன்று பேர் சரி என்றார்கள். ஒருத்தி, "போட்டியில பரிசு வாங்கினப்பறம் சொல்றீங்களேம்மா" என்றாள். அடுத்த வீட்டுக்கு நடந்தேன். ஒரு வீட்டில் புது ஆட்கள், பழையவர்கள் டிரான்ஸ்ஃபர். அவர்கள் தோட்டம் முழுக்க அதுதான். "மேடம், செம்மயா இருக்கு, பராமரிப்பே வேணாம்!" என்கிறார்கள். ஒரு வீட்டில் பாட்டுப் போட்டிருந்தார்கள், கூப்பிட்டது கேட்கவில்லை, திரும்பிவிட்டேன்.

14-10-2025, செவ்வாய்

சாயங்காலம் ஃபௌசியா வந்து அரை மணி நேரம் கூடப் பிடுங்கினாள். பேச்சு அதிகம் இல்லை. ஓர் அரணை அவள் கைக்கடியில் ஓடியது, "யா அல்லா!" என்று அலறி என் மேல் விழுந்தாள். இரண்டு பேரும் தரையில்.

சுத்தமான இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டாள். பொடுதலையைப் பரப்ப வேண்டும், அதன் பூ குண்டூசித் தலை அளவுதான், ஆனால் குட்டி வண்ணத்துப்பூச்சி எல்லாம் அதற்குத்தான் வரும். தும்பை, விஷ்ணுகிராந்தி. சுவரோரம் முழுக்க ஆடுதீண்டாப்பாளை. வேலியில் ஓர் ஆதண்டை, முள் குத்தினாலும் பரவாயில்லை. எதையும் வாங்கப் போவதில்லை. தானாக முளைத்திருக்கிற இடத்தில் பார்த்து, இலையைப் பார்த்து, டீச்சரிடம் காட்டி, அப்புறம்தான். நிஜக் கரிசாலையையும் வைப்பீர்களா என்றாள். தெரியவில்லை. அதைத் தொட எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

18-10-2025, சனி

இரண்டு நாளாக மழை. கமலாவிடமிருந்து போன் வந்தது. இவருடைய தங்கை, சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. நோட்டில் அவள் பெயர் பதினேழாவது. நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"அண்ணி, நீங்க குடுத்தது வாய்க்கா கரையெல்லாம் மஞ்சளா பூத்துகினு கெடக்குது. வந்து பாருங்களேன், கண்ணு கொள்ளல!"

வீட்டு வாசலில் வைக்கத்தான் கொடுத்தேன். வாய்க்கால் கரைக்கு எப்படிப் போயிற்று?

"வாசல்ல மாடு மிதிக்குது. கால்ல படக்கூடாதுன்னீங்களே, அதான் எடுத்தாந்து கரையில நட்டேன். அங்க யாரு மிதிப்பா?"

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கணு உடைந்து மிதந்தால் கடைசி வயல் வரை போகும். எல்லாம் சொன்னேன். தப்பான செடி, பிடுங்கிக் காயப் போடு என்றேன்.

"வேணாங்க அண்ணி. அத நட்டப்பறந்தான் எம் பொண்ணுக்கு வேல பர்மனெண்ட் ஆச்சி. புடுங்கினா ஏழு தலமொறைக்கு ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப யாரோ டீச்சர் சொன்னான்னு புடுங்கச் சொல்றீங்க. நான் மாட்டேன்" என்றாள்.

"நான் பொய் சொன்னேன் கமலா."

"சாமி விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி." வைத்துவிட்டாள்.

நம்பிக்கை என்று இதைத்தான் சம்பாதித்து வைத்திருக்கிறேன். துப்ப வேண்டும் போல இருக்கிறது.

20-10-2025

தீபாவளி. கமலா போனை எடுக்கவில்லை.

23-10-2025

எடுக்கவில்லை. இவர் பேசிப் பார்த்தார். "அண்ணி மனச யாரோ கலச்சிட்டாங்கண்ணா" என்றாளாம்.

27-10-2025, திங்கள்

இதுவரை: முப்பத்தொரு வீட்டுக்குப் போய்ச் சொல்லியாயிற்று. பத்தொன்பது வீட்டில் பிடுங்கினார்கள், அதில் ஏழு வீட்டில் நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். மற்றவர்கள் பார்க்கலாம் என்கிறார்கள். பரிசுத் தொட்டியை ஜெயப்பிரகாஷ் சார் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணத்தையும் சொன்னேன். "இதுக்கெல்லாமா?" என்றார். ஆமாம் என்றேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்.

2-11-2025, ஞாயிறு

சுவரோரம் ஆடுதீண்டாப்பாளை தளிர் விட்டிருக்கிறது. புழு இல்லை. இல்லை என்றே எழுதினேன்.

கமலாவுக்குக் கடிதம். நாளை காலை ஷிஃப்டுக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிற ஆள் மூலம் இவர் கொடுத்தனுப்புவார். பிரதி இங்கே வைத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள கமலாவுக்கு அண்ணி எழுதுவது.

செடியைப் பற்றி டீச்சர் சொன்னதை நீ நம்ப வேண்டாம். நான் சொல்வதை மட்டும் கேள். பிடுங்கினால் பாவம் என்று எந்த நூலிலும் இல்லை. சபையில் யாரும் சொல்லவில்லை. பெருமான் சொல்லவில்லை. நான் சொன்னேன். நான் கொடுத்ததை நீங்கள் எல்லாரும் பெரிசாக நினைக்க வேண்டும் என்று சொன்னேன். உன் மகள் வேலை அவள் படித்துப் பரீட்சை எழுதி வாங்கியது. செடி வாங்கிக் கொடுக்கவில்லை. அப்படியும் பயமாக இருந்தால் நீ தொடாதே. எந்த நாள் என்று சொல், நான் பஸ் ஏறி வந்து என் கையால் பிடுங்குகிறேன். கூட ஃபௌசியாவும் வருகிறேன் என்கிறாள். பாவம் என்று ஒன்று இருந்தால் அது பிடுங்குகிறவளுக்குத்தானே, எனக்கே இருக்கட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நாள் இல்லை. உன் வயலைத் தாண்டி அது போய்விட்டதா, கரையில் எது வரைக்கும் இருக்கிறது, நான் என்றைக்கு வரலாம், இந்த மூன்றுக்கும் சீக்கிரம் பதில் சொல்.